எறிந்துவிட்ட மீன்கள்

அந்த வாரம் முழுக்க ஆர்லன் டஃப்டே தூண்டிலைக் கவனிக்கவில்லை. வாளிகளைத்தான் கவனித்தார்.

உறைந்த ஏரியின் மேல் நிறுத்தியிருந்த அவருடைய கொட்டகையில், தெற்குப் பார்த்த சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. உள்ளே எரியும் அடுப்பின் சூட்டில் அது வேர்த்துக்கொண்டே இருக்கும். கையுறையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மான் வேட்டைக்கு வாங்கிய தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொள்வார். காலடியில், பனிக்கட்டியில் குடைந்த துளைக்குள், மிதவை அமிழ்ந்து அமிழ்ந்து எழும்பும். அவர் திரும்பமாட்டார்.

வெளியே மூன்று பேர் நடந்துகொண்டிருந்தார்கள். வான்கோழி இறைச்சி ஆலையில் வேலை செய்கிறவர்கள். பர்மாவிலிருந்து தாய்லாந்து எல்லை முகாமுக்கு ஓடிவந்து, அங்கிருந்து மினசோட்டாவுக்கு வந்து சேர்ந்த கரென் இனத்தவர்கள் என்று மாவட்டப் பத்திரிகை எழுதியிருந்தது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'ஆலைக்காரங்க' என்றால் போதும், புரிந்துவிடும்.

அவர்களுக்குக் கொட்டகை இல்லை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, காற்றுக்கு முதுகைக் காட்டியபடி மீன் பிடிப்பார்கள். அதில் ஆர்லனுக்கு ஆட்சேபம் இல்லை. காலையில் அவர்கள் செய்வதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. வந்ததும் தூண்டில் போடுவதில்லை. கொட்டகை கொட்டகையாகச் சுற்றுவார்கள். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் ஒருவன் நிற்பான், குனிவான், நிமிர்வான், அடுத்த கதவுக்குப் போவான். ஒரு சுற்று முடிவதற்குள் பனிமேல் இழுத்துவரும் சறுக்குப் பெட்டியில் இருக்கும் வாளிகள் கனத்துவிடும். அது அவர்கள் இழுக்கிற விதத்திலேயே தெரியும்.

கதவைத் தள்ளிக்கொண்டு கெய்லன் ஹூசோ உள்ளே வந்தார். நாற்பது வருடமாகப் பக்கத்துக் கொட்டகைக்காரர்.

"உன் வாசல்ல மூணு பிசாசு கிடக்குடா. இப்பத்தான் காலை வாரிவிடப் பாத்துச்சு."

"நேத்து ராத்திரிக் கயித்துல மாட்டினது."

'பிசாசு' என்று அவர் சொன்னது ஈல்பௌட் மீனை. விலாங்கு மாதிரி உடம்பு, தவளை மாதிரி வாய், முகவாயில் ஒற்றை மயிர். தூண்டிலிலிருந்து கழற்றப் போனால் வாலைக் கையில் சுற்றிக்கொள்ளும். மினசோட்டாவில் மனிதன் தின்பது வால்ஐ மீன். ஈல்பௌட் மாட்டினால் கதவைத் திறந்து வெளியே எறிவார்கள். காகம் தின்னும், நரி தின்னும். ஆர்லனின் அப்பாவும் அப்படித்தான் எறிந்தார்.

"இன்னைக்கு எத்தனை வாளி?" என்று கெய்லன் கேட்டார்.

"மூணு. போன சனிக்கிழமை ஏழு."

"ஏழு! ஒரு ஆளுக்கு ஆறு மீன்தான் சட்டம். ஏழு வாளியில என்னத்தைக் கொண்டுபோறானுங்க, சர்ச் பாட்டுப் புஸ்தகமா?"

"கதவுகிட்ட போயி நிக்கறானுங்க, கெய்லன். அதான் எனக்குப் புரியல."

"எனக்குப் புரிஞ்சுபோச்சே. என் காஸ் சிலிண்டர் எங்க போச்சுன்னு நினைக்கற?"

கெய்லனின் சிலிண்டர் ஜனவரியில் காணாமல் போயிருந்தது. பத்து நாள் கழித்து அது அவருடைய மருமகனின் வண்டிக்குள்ளேயே கிடைத்தது. ஆனால் காணாமல் போன செய்தி ஊரைச் சுற்றிய வேகத்தில், கிடைத்த செய்தி சுற்றவில்லை. கெய்லனே அதை அவ்வப்போது மறந்துவிடுவார்.

"வியாழக்கிழமை கூட்டத்துல அந்த ஐடா ஹாகன் 'ஆதாரம் எங்க'ன்னு எந்திரிச்சு நிப்பா, பாத்துக்கோ," என்றார் கெய்லன். "நீதான் தலைவர். வாய்ல கொழுக்கட்டையோட நிக்காதே."

ஏரிக்கு இறங்கும் ஒரே பாதை ஏரிச் சங்கத்துக்குச் சொந்தமான நிலத்தில் இருந்தது. இத்தனை வருடம் அது திறந்தே கிடந்தது. குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டி, உறுப்பினர்களுக்கு மட்டும் சாவி கொடுக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் ஆர்லன். வியாழன் மாலை லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் வாக்கெடுப்பு. உறுப்பினரில் பாதிப் பேர் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். நூலகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஐடா, போன கூட்டத்தில், "அவங்க அளவுக்கு மேல பிடிக்கறாங்கன்னு யாரு பாத்தது?" என்று கேட்டிருந்தாள். "அடுத்த கூட்டத்துக்குள்ள காட்டறேன்," என்று ஆர்லன் எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று மதியம் வீட்டில் சூப்பை ஊற்றிக்கொண்டே அவர் மனைவி லவோன் கேட்டாள்: "அந்த வாளிக்குள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பாத்தியா?"

"அதெப்படி பாக்கறது? அடுத்தவன் வாளி."

"பக்கத்துல போயி நின்னா தெரியப்போகுது."

"நாப்பது வருஷமா கெய்லன் வாளிக்குள்ளயே நான் பாத்தது கிடையாது."

அது உண்மை. அந்த ஏரியில் ஒருவன் வாளிக்குள் இன்னொருவன் பார்ப்பதில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்கலாம். "பரவாயில்ல" என்று பதில் வரும். ஒன்றும் மாட்டாதவனும் அதையேதான் சொல்வான், வாளி நிறைந்தவனும் அதையேதான் சொல்வான். அதற்கு மேல் போவது, அடுத்தவன் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம்.

"வாளிக்குள்ள பாக்கறது மரியாதை இல்ல. ஆனா தொலைநோக்கி வெச்சு ஒரு வாரமா வேவு பாக்கறது மரியாதை," என்றாள் லவோன்.

ஆர்லன் சூப்பைக் குடித்துவிட்டு, மீன் திருட்டைப் புகார் செய்வதற்கென்று அரசாங்கம் கொடுத்திருக்கும் எண்ணுக்குப் போன் போட்டார்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மீன்வளக் காவல் அதிகாரி கிர்ஸ்டன் தன் பனிவண்டியில் வந்து இறங்கினாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஆர்லன் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் பன்னிரண்டு வருடம் போய்வந்த பெண்.

"வணக்கம் மிஸ்டர் டஃப்டே. புகார் கொடுத்தது யாருன்னு நான் கேக்கப்போறதில்ல. கேக்கத் தேவையும் இல்ல," என்று சிரித்தாள்.

அப்போது மூவரில் ஒருவன் ஆர்லனின் கொட்டகைக்கு முப்பதடி தூரத்தில் சறுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும், மெலிந்தவன். கிர்ஸ்டன் கையைக் காட்டி நிறுத்தினாள். சீருடையைப் பார்த்ததும் அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக் குளிரில் தொப்பியைக் கழற்றுகிறவனிடம் ஏதோ ஒளிவு இருக்கிறது என்று ஆர்லனுக்குப் பட்டது.

"உங்க பேரு?"

"லெர் மூ." கேட்காமலே உரிமச் சீட்டை எடுத்து நீட்டினான். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"வாளியைப் பாக்கலாமா?"

கிர்ஸ்டன் வாளியைப் பனிமேல் கவிழ்த்தாள். ஆர்லன் இரண்டடி முன்னால் வந்தார்.

விறைத்துச் சுருண்ட ஈல்பௌட்கள். கடகடவென்று உருண்டன. ஒரு வால்ஐ மீன்கூட இல்லை. அடுத்த வாளியும் அதுவே. மொத்தம் பதினேழு. உருண்டு வந்த ஒரு மீனின் உதட்டில் ஆரஞ்சு நிறத் தூண்டில் முள் ஒன்று மாட்டியிருந்தது, அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். ஏரியில் அதை வரைகிறவர் ஒருவர்தான். கோடைக்காலத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, லவோனின் நகப்பூச்சுத் தூரிகையால் ஆர்லன் வரைந்தது. பிசாசின் வாயில் விரலை விட மனமில்லாமல், முந்தாநாள் அவர்தான் கயிற்றை அறுத்து மீனை வெளியே எறிந்தார்.

"ஈல்பௌட்டுக்கு அளவு கிடையாது," என்றாள் கிர்ஸ்டன், ஆர்லனைப் பார்க்காமல். "எத்தனை வேணா வெச்சுக்கலாம். ஆனா பிடிச்ச மீனைப் பனிமேல எறிஞ்சிட்டுப் போறது குற்றம். அபராதமும் உண்டு, உரிமமும் போகும். லெர் மூ, இதெல்லாம் எங்க கிடைச்சுது?"

லெர் மூ ஒரு கணம் ஆர்லனைப் பார்த்தான். பிறகு குனிந்து முள் மாட்டிய அந்த மீனை எடுத்து, உதட்டுப் பக்கத்தை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டான்.

"நான் பிடிச்சேன்."

"பதினேழுமா?"

"பதினேழும்."

"ஒரு காலையிலயா? கல்லு மாதிரி விறைச்சுக் கிடக்கே."

"நல்ல நாள்," என்றான் லெர் மூ. "குளிர் ஜாஸ்தி."

கிர்ஸ்டன் அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆர்லனின் கதவடியைப் பார்த்தாள். அங்கே பனியில் இரத்தம் பழுப்பாக உறைந்து, மூன்று மீன் நீளத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"இங்க யாராவது மீனை வெளியே எறியறதைப் பாத்தீங்களா, மிஸ்டர் டஃப்டே?"

"இல்ல," என்றார் ஆர்லன்.

"பஸ்ல கடைசி சீட்டுல ஒருத்தன் சூயிங்கம் ஒட்டினாக்கூட உங்களுக்குத் தெரிஞ்சுடும்." அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "சரி. வயசாகுதில்ல எல்லாருக்கும்."

பனிவண்டியின் சத்தம் அடங்கியது. லெர் மூ தொப்பியைப் போட்டுக்கொண்டு மீன்களை ஒவ்வொன்றாக வாளிக்குள் எடுத்துவைத்தான். கடைசியாக முள் மாட்டிய மீனை எடுத்து, வாயிலிருந்து முள்ளைத் திருகிக் கழற்றி, கால்சட்டையில் துடைத்து நீட்டினான்.

"உங்களுது."

ஆர்லன் வாங்கிக்கொண்டார். "எதுக்கு அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"நீ பிடிச்சேன்னு."

லெர் மூ வார்த்தைகளைத் தேடினான். ஆலையில் கற்ற ஆங்கிலம் அவனுடையது, துண்டு துண்டாக வந்தது. "முகாம்ல இருபது வருஷம். யூனிபார்ம் போட்டவங்க வருவாங்க. இது யாருது, அது யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்லமாட்டோம். யாரும் சொல்லமாட்டாங்க. இன்னைக்கு அவன் பேரு, நாளைக்கு நம்ம பேரு."

"இது முகாம் இல்ல."

"ஆமா. இங்க குளிர்."

ஆர்லன் சிரிக்கவில்லை. கேலி செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"யாரும் சும்மா பொய் சொல்லமாட்டான்."

"மீன் வேணும். இந்த மீன் எங்களுக்கு நல்லா இருக்கும். மஞ்சள், மிளகாய் போட்டு… நீங்க எறியறீங்க, நாங்க எடுக்கறோம். வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்லு. என்ன வேணும்னு சொல்லிடு. பின்னாடி வந்து நிக்காதே."

லெர் மூ சறுக்குப் பெட்டியின் கயிற்றைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான். பெரியவர் மூன்று தரம் கேட்டுவிட்டார். ஒன்றும் சொல்லாமல் போனால் மரியாதையில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

"அப்படின்னா… அந்தப் பாதை. ஆலையில எல்லாரும் பேசிக்கறாங்க. சங்கிலி போடவேணாம்."

ஆர்லன் தலையசைத்தார். அவர் எதிர்பார்த்தது வந்துவிட்டது.

அன்று மாலை உருளைக்கிழங்கை வெட்டியபடி லவோனிடம் எல்லாவற்றையும் சொன்னார். "அவன் என்னை வசமாப் பிடிச்சுட்டான்," என்று முடித்தார்.

"உன்னைக் காப்பாத்தினான்னுதானே நீ இப்பச் சொன்னே?"

"அதான் பிடி. நாளைக்கு நான் சங்கிலி வேணாம்னு நின்னா, அவன் என்னை வாங்கிட்டான்னு அர்த்தம். வேணும்னு நின்னா, எறிஞ்சது நான்தான்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

"அவனாக் கேக்கல, ஆர்லன். நீ பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டிருக்கே. நாலாவது தரம் கேட்டிருந்தா, பாவம், உன் லாரியைக் கேட்டிருப்பான்."

அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிவைத்தார். லவோன் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் அறுபத்தெட்டு வருடத்தில் யாருக்கும் கடமைப்படாமல் வாழ்ந்ததாக அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அது ஒரு வாளி மீனில் போய்விடக்கூடாது. அந்த ரகசியத்துக்கு விலையே இல்லாமல் செய்துவிட்டால் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. நாளைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று, மீனை எறிந்தது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவன் கையில் ஒன்றும் இருக்காது.

வியாழன் மாலை சர்ச்சின் கீழ்த்தளத்தில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். பெரிய பாத்திரத்தில் காபி கொதித்தது. ஆர்லன் மேசைக்குப் பின்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐடா ஆதாரம் கேட்டிருந்தா. நேத்து அதிகாரி வந்து வாளியைப் பாத்தாங்க. அத்தனையும் ஈல்பௌட். வால்ஐ ஒண்ணுகூட இல்ல."

கெய்லன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அதுல சிலது நான் பிடிச்சு எறிஞ்சது. என் முள்ளு அதோட வாய்ல இருந்துச்சு. அதிகாரி கேட்டப்போ, யாரும் எறிஞ்சு நான் பாக்கலன்னு சொன்னேன். அது பொய். அந்த ஆளு, தான் பிடிச்சேன்னு சொன்னான். அதுவும் பொய். சொல்லவேண்டியதைச் சொல்லிட்டேன்."

பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

"இதுக்கா பாவமன்னிப்பு? பாதிரியாரைக் கூப்பிடவா?"

"பிசாசை வீட்டுக்கா கொண்டுபோவாங்க? என் பொண்டாட்டி என்னையும் சேத்து வெளியே எறிவா!"

"இங்க எறியாதவன் கையைத் தூக்குங்கப்பா!"

ஒரு கைகூட எழவில்லை. ஆர்லனின் முதுகை யாரோ தட்டினார்கள். பாரம் இறங்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். இது வேறு மாதிரி இருந்தது.

ஐடா ஹாகன் எழுந்தாள். "அப்ப, அவங்க நம்ம கதவுகிட்ட வந்து நின்னது இதுக்குத்தானா? நாம தூக்கிப் போட்டதைப் பொறுக்கத்தான் வந்தாங்களா?"

சிரிப்பு நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. தீர்மானம் அந்த நிமிடத்தில் செத்துப்போனது என்று ஆர்லன் நினைத்தார். அதில் தனக்கு வருத்தமா நிம்மதியா என்று அவருக்கே தெரியவில்லை.

கெய்லன் மெதுவாக எழுந்தார். "அது சரி. மீனு விஷயம் முடிஞ்சுது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த ஆளு அதிகாரியோட முகத்துக்கு நேரா நின்னு பொய் சொல்லியிருக்கான். கண்ணைச் சிமிட்டாம. ஆர்லன், சிமிட்டினானா?"

"கெய்லன், அவன் எனக்காகத்தான்…"

"யாருக்காகன்னு நான் கேக்கல. சொன்னானா இல்லையா?"

"சொன்னான்."

"அவ்வளவு சுலபமாப் பொய் வருதுன்னா, வேற எதுக்கெல்லாம் வரும்?"

"ஆர்லனும்தான் பொய் சொன்னாரு," என்றாள் ஐடா.

"ஆர்லன் நம்ம ஆளு. அவருக்குப் பழக்கமில்ல. அதான் மனசு கேக்காம வந்து ஒத்துக்கிட்டாரு. அவன் ஒத்துக்கிட்டானா?"

அறை மூச்சு விட்டது. ஆமாம், அதுவும் சரிதானே என்ற முணுமுணுப்பு எழுந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் காலடியில் தரை நழுவியவர்களுக்கு இப்போது நிற்க இடம் கிடைத்துவிட்டது. ஒருவர், "பழக்கம்ப்பா, அவங்க வந்த இடம் அப்படி," என்றார், ஏறக்குறைய இரக்கத்தோடு.

ஆர்லன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகாமைப் பற்றி லெர் மூ சொன்னதை எடுத்துச் சொல்லலாம் என்று தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்லமாட்டோம் என்றானே, அதை. ஆனால் அந்த அறையில் அதைச் சொன்னால் எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்தது. அதிகாரியிடம் எல்லோரும் சேர்ந்து மறைப்பார்களாம் என்று கேட்கும். அவருக்கேகூட, யோசித்தால், அப்படித்தான் கேட்டது.

கை தூக்கச் சொல்லி எண்ணினார். பூட்டுக்கு ஆதரவாக இருபத்து நான்கு. எதிராகப் பதின்மூன்று, அதில் லவோனும் ஒருத்தி. சமமாக வந்தால் மட்டுமே தலைவர் வாக்களிக்க வேண்டும். ஆர்லன் இன்னொரு தரம், மெதுவாக எண்ணினார். சமமாக வரவில்லை. அவர் எந்தப் பக்கமும் கை தூக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

"அந்தப் பொய்யைப் பத்தி அதிகாரிக்கு ஒரு கடிதம் போட்டுடலாம்," என்றார் கெய்லன். "குடியுரிமைக்கு மனுப் போட்டிருப்பானுங்க. தெரியவேண்டியவங்களுக்குத் தெரியட்டும்."

"போடலாம்," என்றார் ஆர்லன். "ஆனா என் மீனையும் எழுதணும். எறியலன்னு கை தூக்காத எல்லாரோட மீனையும் எழுதணும்."

கெய்லன் காபியை ஒரு வாய் குடித்தார். "சரி விடு. சின்ன விஷயம்."

சனிக்கிழமை காலை ஆர்லன் பாதையின் இரு பக்கமும் நட்ட இரும்புக் கம்பங்களுக்கிடையே சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தபோது, பழைய வேன் ஒன்று வந்து நின்றது. லெர் மூ இறங்கினான். உள்ளே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், இறங்கவில்லை. அவன் சங்கிலிவரை நடந்து வந்து, அதைத் தொடாமல் நின்றான்.

"பூட்டியாச்சு," என்றார் ஆர்லன்.

"ஆமா."

"ஓட்டு. நான் தனியா முடிவு பண்ணல."

லெர் மூ தலையசைத்தான். கொஞ்சம் யோசித்தான். "நீங்க என்ன வேணும்னு கேட்டீங்களே. அப்ப நான் ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கணும்."

அதனால் இல்லை என்று சொல்ல ஆர்லன் வாயெடுத்தார். எதனால் என்று அடுத்து சொல்லவேண்டியிருக்கும். பூட்டைச் சங்கிலிக் கண்ணியில் நுழைத்து அழுத்தினார். குளிரில் அது உடனே விழவில்லை, இரண்டாம் தரம்தான் விழுந்தது.

"ஹாக்ஸ்டாட் ஏரியில மாவட்டத்தோட பாதை இருக்கு. பன்னிரண்டு மைல். அதைப் பூட்டமாட்டாங்க."

லெர் மூ திரும்பி வேனைப் பார்த்தான். பிறகு ஆர்லனைப் பார்த்தான். "அங்கயும் மீனை வெளியே எறிவாங்களா?"

குத்திக் காட்டுகிறானா, வழி கேட்கிறானா என்று ஆர்லன் அந்த முகத்தில் தேடினார். பனிக்காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிற முகம். வேறு எதையும் அவரால் அதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எறிவாங்க," என்றார்.